உயிருடல் உவமையும் மீரியபெத்த மண்ணும்

உயர்கல்வியைப் பற்றிப் பேசுவோர் அண்மைக் காலமாக ஓர் உவமையைப் பெரிதும் விரும்பிக் கையாளுகின்றனர். பல்கலைக்கழகம் இயந்திரமன்று, அஃது ஓர் உயிருடல் என்பதே அவ்வுவமை. அளவெடுத்துப் பட்டதாரிகளை வார்த்துத் தள்ளும் ஆலையாக அதனைக் கருதாமல், சூழலோடு உறவாடித் தன்னைத் தானே புதுப்பித்துக் கொள்ளும் ஒன்றாகக் காண வேண்டும் என்கின்றனர். இக்கருத்தின் வேர் உயிரியலில் உள்ளது. உயிர் என்பது சூழலிலிருந்து இடையறாது பெற்றும் சூழலுக்குக் கொடுத்தும் நிலைபெறும் திறந்த அமைப்பு என்றார் லுட்விக் வான் பெர்டலன்ஃபி. 1968-இல் அவர் தம் பொது அமைப்புக் கோட்பாட்டை நூலாக வெளியிட்டார். உயிர் தன்னைத் தானே ஆக்கிக்கொள்வது என்னும் கருத்தை 1970-களில் சிலி நாட்டின் மதுரானாவும் வரேலாவும் முன்வைத்தனர்.

ஆலையைவிட உயிருடல் மேலான உவமைதான். ஆயினும், உடலைக் காட்டிச் சமுதாயத்தை விளக்கியோர் பெரும்பாலும் யாருக்குத் துணை நின்றனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. புருஷ சூக்தம் வாயையும் பாதத்தையும் காட்டி வருணத்தை வகுத்தது. 1860-இல் சமுதாயத்தை உயிருடலோடு ஒப்பிட்டு எழுதிய ஹெர்பர்ட் ஸ்பென்ஸர், வலியது வாழும் என்ற நியாயத்துக்கே பிற்காலத்தில் வழக்கறிஞரானார். எனவே, இவ்வுவமையைக் கேட்டவுடன் தலையாட்டுவது நம் வேலையன்று. இந்த உடலில் நோவு எங்கே உணரப்படுகிறது, எங்கே உணரப்படுவதில்லை என்று கேட்பதே நம் வேலை.

கேள்விக்கு உரைகல்லாக ஊவா மாகாணத்தையே எடுத்துக்கொள்வோம். பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டம் உள்ளது. 2014 ஒக்டோபர் 29-ஆம் நாள் காலையில், பெருமழையில் ஊறிய மலைச்சரிவு பெயர்ந்து லயங்களின் மேல் விழுந்தது. குடும்பம் குடும்பமாக மக்கள் மண்ணுக்குள் போயினர். பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகளுட் சிலர் உயிர் தப்பினர். ஆனால், அவர்கள் திரும்பி வர வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.

இதனை விதி என்போர் உளர். விதியன்று. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, அளவீடு இருந்தது, அறிக்கையும் இருந்தது. உடலின் மொழியில் சொன்னால், நரம்பு நோவை உணர்ந்துவிட்டது, கைகால்தான் அசையவில்லை. இடம்பெயருமாறு சொன்ன வாய், பெயர்ந்து போவதற்கு நிலம் காட்டவில்லை என்பதே அம்மக்களின் வாதம்.

அதே 2005-ஆம் ஆண்டில்தான் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. நாம் அதன்மீது பழி சுமத்தவில்லை. அழிவைத் தடுத்திருக்க வேண்டிய பொறுப்பும் அதிகாரமும் வேறிடத்தில் இருந்தன. ஆயினும், சூழலோடு கொடுக்கல் வாங்கல் உடையதே உயிர் என்றால், ஒரு மலையகப் பல்கலைக்கழகத்தின் சூழல் யாது? அதன் ஏட்டிலே மதிப்புக் கூட்டல் உண்டு, ஏற்றுமதி விவசாயம் உண்டு. கொழுந்துக்கு மதிப்புக் கூட்டும் கல்வி, கொழுந்து பறிக்கும் கைக்கு எதனைக் கூட்டுகிறது? அங்கு பட்டப் படிப்பு ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. மழை, மண், சரிவு பற்றி அங்கு விளையும் அறிவு, லயத்து முற்றத்துக்குத் தமிழில் வந்து சேர எந்த வாய்க்கால் வெட்டப்பட்டுள்ளது?

வாய்க்கால் இன்மை இன்று நேற்று வந்ததன்று. கன்னங்கராவின் முயற்சியால் 1945-இல் இலவசக் கல்வி வந்தபோது, தோட்டப் பாடசாலைகள் அதன் புறத்தே நின்றன. 1948-இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோர் ஆக்கியது. 1970-களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அவர்தம் பாடசாலைகளும் படிப்படியாக அரசின்கீழ் வந்தன. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது. பதுளையும் அப்பட்டியலில் உள்ளது. ஆனால், மாவட்டம் என்ற ஒரே சொல்லுக்குள் நகரத்துக் கல்லூரியும் அடங்குகிறது, விஞ்ஞான ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலையும் அடங்குகிறது. பங்கினைப் பெரிதும் பெறுபவர் யார் என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

உயிரிலிருந்து பாடம் கற்க விரும்புவோர் தேயிலைச் செடியிடமே கற்கலாம். விட்டுவிட்டால் அது மரமாக வளரும். இடுப்பளவில் நிற்பது அதன் இயல்பன்று. ஓயாது கொழுந்து கிள்ளியும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டியும் அதனை அவ்வுயரத்தில் நிறுத்தியுள்ளனர். விதையில் முளைத்த செடிக்கு ஆணிவேர் உண்டு. தண்டை வெட்டி நட்ட செடிக்கு அஃது இல்லை. விளைச்சல் கருதி ஒரே வார்ப்பாக நடப்படுபவை பின்னவையே. கல்வியில் நாம் செய்துவருவதும் ஏறக்குறைய இதுவே. தோட்டத்துப் பிள்ளை படிப்பை இடையில் விட்டால் அதனை அவன் இயல்பு என்கிறோம். கவ்வாத்துக் கத்தி நம் கண்ணிற் படுவதில்லை.

இங்கேதான் உவமையின் எல்லையும் தெரிகிறது. உடலின் கைக்கு உடைமையாளன் இல்லை. சமுதாயத்திலோ உண்டு. தோட்ட நிலம் பெரும்பாலும் அரசினுடையது. 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளிடம். தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்பவருக்கு அந்தக் காம்பிராவின்மீது உறுதி இல்லை. மீரியபெத்தவில் நரம்பு நோயால் அறுபடவில்லை. உடைமை உறவினால் அறுபட்டது. இதனை உயிரியல் நமக்குச் சொல்லித் தராது. வரலாறும் பொருளியலுமே சொல்லித் தரும். இதனை மறைத்து, 'எல்லாம் ஓருடல்' என்று பாடும் கல்விக் கோட்பாடு புதிய மொழியில் எழுதப்பட்ட பழைய தாலாட்டே.

ஆகவே உவமையை எறிந்துவிட வேண்டுமோ? வேண்டாம், அதனை முழுமையாக ஏற்குமாறு கேட்போம். 1978-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம், பேரவைக்கு நியமிக்கப்படுவோரைக் கல்வி, வணிகம், கைத்தொழில், நிர்வாகம் முதலிய துறைகளிற் சிறந்தோரிடையே தேடச் சொல்கிறது. உழைப்பு அங்கே ஒரு துறையாக எண்ணப்படவில்லை, எண்ணப்பட வேண்டும். ஊவாவின் சரிவுகளில் மழை அளக்கவும் வெடிப்பைக் கவனிக்கவும் தோட்டத்து இளைஞர் பயிற்றப்பட வேண்டும். அவர்தம் குறிப்பு ஆய்வாளரிடம் செல்லவும், ஆய்வாளரின் முடிவு தமிழில் லயத்துக்குத் திரும்பவும் வேண்டும். அனுமதிப் பங்கு மாவட்டத்தோடு நில்லாது பாடசாலையின் நிலையையும் நோக்க வேண்டும். எச்சரிக்கை வரும் நாளில் எழுந்து செல்ல, உறுதியோடு கூடிய நிலமும் வீடும் வேண்டும். கடைசிக் கோரிக்கை கல்வியைச் சேர்ந்ததன்று என்பர் சிலர். அஃது இல்லாதபோது அறிவு என்னவாயிற்று என்பதை 2014 காட்டிவிட்டது.

ஆசிரியர்களே, மாணவர்களே! பல்கலைக்கழகம் உயிருள்ளது என்று இனி எவரேனும் மேடையேறிச் சொன்னால், அதன் வேர் எந்த மண்ணில் என்று கேளுங்கள். அந்த மண் சரியும்போது அதற்கு நோகிறதா என்றும் கேளுங்கள்.