கடைமடைக்கு வராத கிரான்

0 6 12 6 *

இந்த ஒற்றை வரியைத் தஞ்சாவூர்க்காரர்கள் ரசித்துப் படிக்கலாம். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து இடங்கள். ஜூன் 12, காலை 6 மணி, எந்தக் கிழமையானாலும் சரி. மேட்டூர் அணை திறக்கும் நாள்! யூனிக்ஸ் கணினியில் குறித்த நேரத்துக்கு வேலையைத் தொடங்கிவைக்கும் கிரானிடம் இப்படித்தான் சொல்லவேண்டும். 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அது உண்டு. இன்று பல லினக்ஸ் சர்வர்களில் இருப்பது 1987-ல் பால் விக்ஸி எழுதியதன் வழிவந்தது.

சொன்ன வேலை நடக்காதபோது காரணத்தைத் தேடிப் பிடிப்பது ஒரு கலை. வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால், அணையே திறக்கவில்லையா, திறந்தும் வழியில் நின்றுவிட்டதா என்றுதானே முதலில் கேட்போம்? தேர்ந்த கை செய்வதும் அதையே. எடுத்த எடுப்பில் ஸ்கிரிப்டைத் தொடாது. லாக்கைத் திறந்து, அந்த நிமிடத்தில் கிரான் வேலையைக் கூப்பிட்ட வரி இருக்கிறதா என்று பார்க்கும்.

வரி இல்லையா? கிரான் சேவையே நின்றுபோயிருக்கலாம். சர்வரின் கடிகாரம் யுடிசியில் இருந்தால் நம் 6 மணி வேலை பகல் பதினொன்றரைக்குத்தான் தொடங்கும். அந்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால் அந்த முறை போனது போனதுதான். அணை அப்படியல்ல: 2024-ல் தண்ணீர் போதாமல் ஜூன் 12 தவறியபோது, மேட்டூரை ஜூலை 28-ல் திறந்தார்கள். தவறியதைப் பிறகு செய்யும் அந்தப் பழக்கம் அனாகிரான் என்ற இன்னொரு நிரலுக்கு உண்டு, கிரானுக்குக் கிடையாது.

வரி இருந்தும் வேலை நடக்கவில்லையென்றால்தான் விருந்து. “கையால ஓட்டினா ஓடுதே!” என்று எல்லோரும் சொல்வது இங்கேதான். நாம் டெர்மினலில் உட்காரும்போது நம் அமைப்புகள் எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. கிரானுக்கு அவை தெரியாது. நிரல்களைத் தேட அதற்குப் பெரும்பாலும் இரண்டே அடைவுகள்தான். அதனால் வல்லவர்கள் ஐந்து இடத்திலும் நட்சத்திரம் போட்டு, கிரான் தன் சூழலையே ஒரு கோப்பில் எழுதும்படி செய்வார்கள். ஒரு நிமிடத்தில் அதன் கையிருப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். அதே வெறும் சூழலில் ஸ்கிரிப்டை ஓட்டினால் பிழை நம் முன்னாலேயே வந்து நிற்கும். எவ்வளவு நேர்த்தியான வழி!

கோப்பின் பெயரில் தேதி சேர்க்க எழுதும் சதவீதக் குறியையும் கவனிக்கவேண்டும். முன்னால் பின்சாய்கோடு இல்லாவிட்டால், கிரான் கட்டளையை அந்த இடத்தோடு வெட்டிவிடும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: கிரான் வேலையின் பிழைச் செய்திகளைக் குப்பைக்கு அனுப்பாமல் ஒரு லாக் கோப்பில் சேர்த்துவையுங்கள்.