சர்க்கரைத் தண்ணீர்

கென்ஸாபுரோ ஓயெயின் 'ஒரு சொந்த விஷயம்' (1964) நாவலில் பேர்ட் என்பவனுக்கு மண்டையில் பெரிய புடைப்புடன் ஒரு குழந்தை பிறக்கிறது. மூளைப் பிதுக்கம் என்கிறார்கள் டாக்டர்கள். பாலைக் குறைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் குழந்தை தானாகவே நலிந்துவிடும் என்ற யோசனைக்கு அவன் சம்மதிக்கிறான். குழந்தை சாவதாக இல்லை. கடைசியில் ஓடுவதை நிறுத்தி ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்கிறான். புடைப்பு வெறும் கட்டிதான் என்று தெரிகிறது. குழந்தை குறையோடு வளரலாம், ஆனால் வளரும்.

இந்த முடிவை மிஷிமா கண்டித்தார். என் ஆட்சேபம் வேறு. பேர்டின் அவமானத்தையும் குமட்டலையும் இவ்வளவு நேர்மையாக எழுதிய ஓயெ, முடிவுக்காக நோயையே மாற்றிவிட்டார். அதே வருஷம் வந்த 'ஆகாயப் பூதம் அக்வீ' என்ற சிறுகதையில் தகப்பன் குழந்தையைச் சாகவிட்டுவிடுகிறான். பிரேதப் பரிசோதனையில் அங்கும் வெறும் கட்டி. ஒன்றில் மீட்சி, மற்றதில் தண்டனை. இரண்டுக்கும் சாட்சி ஒரே கட்டி. டாக்டர்கள் சொன்னது சரியாகவே இருந்திருந்தால்? அந்தக் கேள்வியை இரண்டு படைப்புகளும் தாண்டிப் போய்விடுகின்றன.

1963ல் மூளைக் குறையுடன் பிறந்த ஓயெயின் மகன் ஹிகாரி இசையமைப்பாளரானதை நாவலுக்கு ஆதரவாகச் சொல்வதிலும் இதே தர்க்கம்தான். பின்னால் ஏதோ ஆனான், ஆகவே பிழைத்தது நியாயம். ஏதும் ஆகப்போவதில்லை என்று நிச்சயமான சிசுவை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது?

டே-ஸாக்ஸ் நோயில் ஒரு என்ஸைம் இல்லாததால் கொழுப்புப் பொருள் நரம்புச் செல்களில் தேங்குகிறது. சில மாதங்கள் சரியாக வளர்ந்த குழந்தை பார்வை, அசைவு, விழுங்குதல் என்று ஒவ்வொன்றாக இழந்து பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் இறந்துபோகிறது. இப்படி மகனை இழந்த எமிலி ராப்பின் நூல் (2013) எதிர்காலம் இல்லாமல் பிள்ளை வளர்ப்பதைப் பற்றியது. அங்கே கதையைக் காப்பாற்ற எந்தக் கட்டியும் வராது.

குணப்படுத்த முடியாது என்றான பிறகும் செய்ய நிறைய இருக்கிறது. வலிப்பை அடக்குவது, தொண்டையில் தேங்கும் சளியை எடுப்பது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது, மடியில் வைத்திருப்பது. இதற்கென்றே குழந்தைகளுக்கான முதல் இல்லம், ஹெலன் ஹவுஸ், 1982ல் ஆக்ஸ்ஃபோர்டில் திறக்கப்பட்டது. பேர்டின் ஆஸ்பத்திரிக்குத் தெரிந்த வார்த்தைகள் இரண்டுதான்: ஆபரேஷன், சாவு. நாவலும் மூன்றாவது வார்த்தையைத் தேடவில்லை.

இன்று பச்சிளங்குழந்தைக்கு ஊசி குத்துமுன் நாக்கில் சில சொட்டுச் சர்க்கரைக் கரைசல் விடுகிறார்கள், வலி குறைகிறது. பேர்ட் சம்மதித்த அதே தண்ணீர். சாவுக்காகக் காத்திருப்பவனும் கொடுக்கிறான், இருக்கும்வரை கூட இருப்பவனும் கொடுக்கிறான். இந்த இருவருக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிக்காட்ட ஒரு நாவலுக்குத் திருப்பம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.