திறன் வளைவரையும் கடுமை வளைவரையும்: ஒரு மதிப்பீடு

புள்ளியியல் எடுகோள் சோதனையில் திறன் வளைவரை, கடுமை வளைவரை இரண்டும் நிகழ்தகவையே காட்டுகின்றன. ஆனால் அவை விடை தரும் கேள்விகள் வேறு.

உண்மைச் சராசரி ஒரு குறிப்பிட்ட மதிப்பாக இருக்கும்போது, இன்மை எடுகோளைச் சோதனை நிராகரிக்கும் நிகழ்தகவே திறன். இக்கருத்தை 1930களில் ஜெர்சி நெய்மனும் எகான் பியர்சனும் வளர்த்தனர். தரவு கிடைக்கும் முன்பே இதை வரையலாம். கடுமையைத் தரவு கிடைத்த பின்னரே கணக்கிட முடியும். டெபோரா மேயோவும் ஆரிஸ் ஸ்பானோசும் 2006இல் இதை விரிவாக விளக்கினர்.

ஓர் எடுத்துக்காட்டு: புட்டியில் சராசரியாக 500 மி.லி. நிரம்புகிறது என்பது இன்மை எடுகோள். அதைவிட அதிகம் என்பது மாற்று எடுகோள். திட்ட விலக்கம் 10, கூறின் அளவு 25. எனவே திட்டப் பிழை 2. மிகைகாண் நிலை 5% எனில், கூறுச் சராசரி 503.29ஐத் தாண்டினால் இன்மை எடுகோள் நிராகரிக்கப்படும். கிடைத்த சராசரி 504, ஆகவே நிராகரிக்கிறோம்.

தவறு நேர்வது இதற்குப் பிறகுதான். உண்மைச் சராசரி 506 எனில் சோதனையின் திறன் 0.91. "இவ்வளவு திறனுள்ள சோதனை நிராகரித்துவிட்டது; எனவே சராசரி 506ஐ விட அதிகம்" என்று முடிவு செய்வது பிழை. சராசரி 506ஆக இருந்தால், 504 அல்லது அதற்குக் குறைவான கூறுச் சராசரி வரும் நிகழ்தகவு 0.16 மட்டுமே. இதுவே "506ஐ விட அதிகம்" என்ற கூற்றின் கடுமை. "502ஐ விட அதிகம்" என்ற கூற்றுக்கோ அது 0.84.

கிடையச்சில் சராசரியின் மதிப்புகளைக் குறித்து வரைந்தால், திறன் வளைவரை 500இல் 0.05இலிருந்து மேலேறும், கடுமை வளைவரை 0.98இலிருந்து கீழிறங்கும். தரவு எவ்வளவு பெரிய வேறுபாட்டை ஆதரிக்கிறது என்பதை இரண்டாவதே காட்டுகிறது.

கடுமை வளைவரைக்கும் குறைகள் உண்டு. இந்த எடுத்துக்காட்டில் கடுமை 0.95ஆக உள்ள புள்ளி 500.71. ஒருபக்க 95% நம்பிக்கை இடைவெளியின் கீழ் எல்லையும் அதுவே. ஆகவே கணக்கில் புதுமை இல்லை. முடிவை வாசிக்கும் முறையில்தான் புதுமை. மேலும், 0.16 என்பது அக்கூற்று உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவு அன்று. புட்டிகள் சமவாய்ப்பு முறையில் எடுக்கப்படாவிட்டால் இரு வளைவரைகளுமே தவறான வழி காட்டும்.

சோதனையைத் திட்டமிடத் திறன் வளைவரை போதும். முடிவை விளக்க அது போதாது. அங்கே கடுமை வளைவரை தேவைப்படுகிறது.