நாற்றமும் நினைவும்: குறுந்தொகைப் பாடல்கள் மூன்றை முன்வைத்து

சங்க அகப்பாடல்களில் மலரின் மணம் பரவலாகப் பேசப்படுகிறது. ஆயினும் நம் திறனாய்வுகள் பலவும் அதனை 'இயற்கை வருணனை' என்னும் தலைப்பின்கீழ் அடக்கி, மலர்ப்பெயர்களை எண்ணிக் காட்டுவதோடு அமைந்துவிடுகின்றன. அகமாந்தர் ஒருவரையொருவர் அறிவதற்கும், அறிந்ததை மீட்டுக்கொள்வதற்கும் மணமே வழியாக நிற்கும் பாடல்கள் உள்ளன. குறுந்தொகையின் 2, 62, 361ஆம் பாடல்கள் அத்தகையன என்பது நம் கருத்து.

சொல்வழக்கு ஒன்றை முதற்கண் நோக்கலாம். பண்டு நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று இழிபொருள் பெற்றுவிட்டது. 'வாசனை' என்னும் வடசொல்லோ மணத்தையும், முன்வினை மனத்தில் விட்டுச்சென்ற பதிவையும் ஒருசேரக் குறிக்கும். சைவ சித்தாந்தம் கூறும் வாசனாமலத்திற்குப் பெருங்காயம் இருந்த கலத்தை உவமை காட்டுவர். இது பிற்காலத்து வழக்கு. சங்கப் பாடலின்மேல் ஏற்றத்தக்கதன்று. எனினும் மணத்தையும் நினைவையும் ஒரே சொல்லால் சுட்டும் வழக்கு நம்மிடம் உண்டு என்பது கருதத்தக்கது.

இறையனார் பாடிய 2ஆம் பாடலை நம் நாட்டிலும் பலர் 1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படத்தின் வழியாகவே அறிவர். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா இல்லையா என்னும் வழக்காகவே பாடல் அங்கு நினைக்கப்படுகிறது. இதனால் பாடலுக்கு நேர்ந்த இழப்பு சிறிதன்று. தலைவன் கேட்பது அவ்வினாவை அன்று. நீ அறிந்த பூக்களுள் இவள் கூந்தலினும் நறியது உண்டோ என்று அவன் தும்பியை வினவுகிறான். தனக்கு உவப்பானதைச் சொல்லாது உள்ளதைச் சொல்லுமாறும் வேண்டுகிறான். தொல்காப்பிய மரபியல் தும்பியை நான்கறிவு உயிராக வகுக்கிறது. அதற்கு ஊறு, சுவை, நாற்றம், காட்சி உண்டு, செவியறிவு இல்லை. கேளாததைக் கேட்பதுபோல் விளித்தல் இலக்கணம் உடன்படும் மரபே என்று இதனை விட்டுவிடலாம். நாம் அவ்வாறு விட விரும்பவில்லை. தேன் தேடியே வாழும் அச்சிற்றுயிர், மணத்தை அறிவதில் தலைவனுக்கு மேம்பட்டது. அவன் சொல்லைக் கேட்பதற்கோ அதற்குச் செவியில்லை. ஆகவே விடை வரப்போவதில்லை. அருகில் நிற்கும் தலைவிதான் வினாவைக் கேட்கிறாள். அவள் நாணம் நீங்குவதற்காகவே அது கேட்கப்பட்டது.

62ஆம் பாடலில் தும்பியும் இல்லை, தலைவியும் இல்லை. முன்பு கூடிய தலைவன் தன் நெஞ்சோடு பேசுகிறான். காந்தள் அரும்பும் முல்லையும் குவளையும் இடையிட்டுத் தொடுத்த மாலைபோல் அவள் மேனி நறியது என்பது அவன் கூற்று. நினைவில் முதலில் எழுவது மணம். மேனியின் தளிர்த்தன்மையும் தழுவலின் இனிமையும் பின்னரே வருகின்றன. நிறத்திற்கும் சுவைக்கும் தனிப்பெயர்கள் உள்ளன. மணத்திற்கோ பெரும்பாலும் அது பிறந்த பொருளின் பெயரையே கடன்வாங்க வேண்டியுள்ளது. ஒரு பூவின் பெயர் போதாமையால் மூன்றைத் தொடுத்து, எப்பூவுக்கும் உரியதல்லாத ஒரு மணத்தைப் புலவர் சுட்டிவிடுகிறார்.

மணம் இவ்வாறு முந்திக்கொள்வதற்கு உடலியல் காரணம் கூறுகிறது. மற்றப் புலன்களின் செய்திகள் தாலமஸ் வழியாகவே மூளைப் புறணியை அடைய, மோப்பச் செய்தி அவ்வழியை வேண்டாமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை விரைந்து சேர்கிறது. மோப்ப ஏற்பிகளைக் கண்டறிந்த ரிச்சர்ட் ஆக்செல், லிண்டா பக் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்வறிவு பயனுடையதே, ஆனால் ஒரு பாடல் ஏன் ஒரு பூவோடு நில்லாமல் மூன்றைத் தொடுக்கிறது என்பதை அது கூறாது. 1913இல் வெளிவரத் தொடங்கிய மார்சல் புரூஸ்தின் நாவலை இங்கு ஒப்பிடுவதும் வழக்கமாகிவிட்டது. தேநீரில் நனைத்த தின்பண்டத்தின் சுவையும் மணமும் அங்கே கதைசொல்லி தேடாமலே நினைவைக் கொணர்கின்றன. குறுந்தொகைத் தலைவியின் நிலை வேறு.

தலைவனைக் காணாத நாள்களை ஆற்றியிருந்த வகையை அவள் தோழிக்கு உரைப்பது 361ஆம் பாடல். அவன் மலையில் மாலையில் பெய்த மழையால் பெருகிய நீர், காலையில் காந்தளொன்றை இவள் ஊர்க்குக் கொண்டுவருகிறது. மணம் கமழ்வதாகப் பாடல் சொல்வது அந்நீரையே. இலை குழையத் தழுவிய காந்தளை அவள் வீட்டிற்குக் கொணர்ந்து நட்டுவைக்கிறாள். நினைவு தானே வரட்டும் எனக் காத்திராமல் அதற்கு ஓர் இடம் அமைத்து வளர்க்கிறாள். இதனைத் தடுக்காத தாய்க்குத் துறக்கவுலகமும் ஈடாகாது என்கிறாள். தாயோ களவினை அறிந்தவளாகப் பாடலில் காட்டப்படவில்லை. அவள் கண்முன் இருப்பது, மகள் விரும்பி முற்றத்தில் நட்ட செடி. அது எம்மலையிலிருந்து வந்தது என்பது அவ்வீட்டில் ஒருத்திக்கே தெரியும்.