கை கழுவிய நீதிபதி
(பிலாத்துவின் விசாரணை – நற்செய்திகள் வழியே ஒரு பார்வை)

‘அவன் கையைக் கழுவிட்டான்’ என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். பொறுப்பை உதறிவிட்டான் என்று பொருள். இந்தச் சொல்லைக் காட்சியாகவே காட்டும் இடம் ஒன்று விவிலியத்தில் உண்டு. யூதேயாவின் உரோமை ஆளுநன் போந்தியு பிலாத்து, இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுக்கும் முன், தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கூட்டத்தின் கண்ணெதிரே கை கழுவுகிறான். ஆட்சியாளன் கூட்டத்தின் கூச்சலுக்குப் பணிவதைக் கிறித்தவம் எப்படிப் பார்க்கிறது என்று அறிய விரும்புவோர் இந்தக் காட்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நால்வர் பார்வை

நான்கு நற்செய்திகளும் இதைச் சொல்கின்றன. ஆனால் ஒரே மாதிரி சொல்லவில்லை. மாற்கு சுருக்கக்காரர். கூட்டத்தைத் திருப்திப்படுத்த விரும்பினான், அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தைத் தூண்டிவிட்டவர்கள் தலைமைக் குருக்கள் என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை.

லூக்கா சொல்வதில் பிலாத்து மூன்று முறை ‘குற்றம் எதுவும் காணவில்லை’ என்கிற கருத்தைச் சொல்கிறான். கூடவே, கசையடி கொடுத்து விடுவிக்கிறேன் என்கிறான். சரி, குற்றமே இல்லை என்றால் கசையடி எதற்கு? இங்கேதான் நீதிபதி வியாபாரியாகிறான். பாதி விலைக்கு இறங்கியவன் முழுவதும் இறங்குவான் என்பது கூட்டத்துக்குத் தெரியாதா என்ன!

யோவானின் பிலாத்து, உள்ளே இருக்கும் கைதிக்கும் வெளியே நிற்கும் கூட்டத்துக்கும் இடையே மாறி மாறி நடக்கிறான். கடைசியில் அவனை வீழ்த்துவது ஒரு மிரட்டல்: இவனை விட்டால் நீ பேரரசனின் நண்பன் அல்ல. ஆக, கீழிருந்து வந்த சத்தத்துக்கு மட்டும் அவன் அஞ்சவில்லை. அது மேலிடத்தின் காதில் விழுந்து பதவி போய்விடுமோ என்றும் அஞ்சினான்.

கை கழுவும் காட்சி மத்தேயுவில் மட்டுமே உள்ளது. அதற்குப் பின்னணியாக இணைச்சட்ட நூலின் 21-ஆம் அதிகாரத்தைப் படிக்க வேண்டும். கொன்றவன் யாரென்று தெரியாத பிணம் வயல்வெளியில் கிடந்தால், அருகிலுள்ள ஊரின் பெரியவர்கள் கை கழுவித் தாங்கள் குற்றமற்றவர்கள் என்று அறிக்கையிட வேண்டும். அது அறியாதவர்களுக்கான சடங்கு. பிலாத்துவோ எல்லாம் அறிந்தவன். கொலை நடக்கும் முன்பே கழுவுகிறான். சடங்கையே அவன் தலைகீழாக்கிவிட்டான்.

பணிவதெல்லாம் தவறா?

பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை பதவியில் இருந்தவன். அவன் பெயர் பொறித்த கல் 1961-இல் செசரியாவில் கிடைத்தது. அவன் வேறொரு முறை பணிந்ததை வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியிருக்கிறார். பேரரசன் உருவம் பொறித்த படைக்கொடிகளை எருசலேமுக்குள் கொண்டுவந்தபோது, யூதர்கள் செசரியாவுக்குப் போய் நாட்கணக்கில் மன்றாடினார்கள். படைவீரர் வாளை உருவியதும் கழுத்தை நீட்டினார்கள். பிலாத்து கொடிகளைத் திரும்பப் பெற்றான்.

அந்தப் பணிவை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வேறுபாடு இதுதான்: அங்கே மக்கள் தங்கள் கழுத்தை நீட்டினார்கள், இங்கே இன்னொருவன் கழுத்தைக் கேட்டார்கள். மக்கள் குரலுக்குச் செவிசாய்ப்பது ஆட்சியாளன் கடமை. ஒரு தனி மனிதனின் உயிரை அதற்கு விலையாகக் கொடுப்பது அநீதி. தீமை செய்யப் பெரும்பான்மையைப் பின்பற்றாதே என்று விடுதலைப் பயண நூலும் வழக்குமன்றச் சூழலிலேயே எச்சரிக்கிறது.

ஆஸ்திரியச் சட்ட அறிஞர் ஹான்ஸ் கெல்சன், 1920-இல் வெளிவந்த மக்களாட்சி பற்றிய தம் நூலில், இந்த விசாரணையை மக்களாட்சிக்கு ஓர் உருவகமாகக் கண்டார். உண்மை எதுவென்று அறியாத ஐயவாதி, முடிவை மக்களின் வாக்குக்கு விடுகிறான் என்பது அவர் வாசிப்பு. கூர்மையான வாசிப்புதான், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. பிலாத்து முன் இருந்தது தத்துவக் கேள்வி அல்ல. இந்த மனிதன் குற்றம் செய்தானா என்ற எளிய கேள்வி. அதற்கு விடையும் அவனிடமே இருந்தது. தெரிந்த விடையை வாக்கெடுப்புக்கு விடுவது மக்களாட்சி ஆகாது.

‘மக்கள்’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. முற்றத்தில் கூடிய கூட்டம் ஒரு இனம் முழுவதும் அல்ல. அழுதுகொண்டே இயேசுவின் பின்னால் போனவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான் என்கிறார் லூக்கா. இதை மறந்து யூதர் அனைவர் மீதும் பழி சுமத்திய கொடுமை பல நூற்றாண்டுகள் நீடித்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், அந்தப் பழியை மறுத்தது.

நமக்குத் தெரிந்த இன்னொரு மன்னன்

சிலம்பு படித்தவர்களுக்குப் பாண்டியன் நினைவுக்கு வருவான். அவனும் குற்றமற்ற ஒருவனைக் கொன்றான். ஆனால் அறியாமல் செய்தான். அறிந்த கணத்தில் உயிர் விட்டான். பிலாத்து அறிந்தே செய்தான். செய்தபின் பதவியில் நீடித்தான். சமாரியர் மீது நடத்திய தாக்குதல்தான் பின்னர் அவன் பதவியைப் பறித்தது.

கிறித்தவர்கள் வழிபாட்டில் சொல்லும் விசுவாச அறிக்கையில், இயேசுவைத் தவிர இரண்டே மனிதர் பெயர்கள் வருகின்றன: ஒன்று மரியா, மற்றொன்று பிலாத்து. காலத்தைக் குறிக்கவே அந்தப் பெயர் சேர்ந்தது என்பர் அறிஞர். இருந்தாலும் கவனியுங்கள்: கூச்சலிட்ட கூட்டமோ, தூண்டிவிட்டவர்களோ, காட்டிக்கொடுத்த யூதாசோ அதில் இல்லை. நீதியிருக்கையில் உட்கார்ந்தவன் பெயர் இருக்கிறது. எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் அது மட்டும் கழுவுப்படவில்லை.