தட்டைக் குதிரையும் தூரிகையும்

ஜோகூரின் மேற்குக் கரைப் பகுதியாகிய பத்து பகாட், பொந்தியான், மூவார் வட்டாரங்களில் வாழும் யாவா வழியினர் போற்றிவந்த ஆட்டம் கூடா கெப்பாங். ‘கூடா’ என்பது குதிரை. ‘கெப்பாங்’ என்பது மூங்கிற் பின்னலைச் சுட்டும். இவ்வாட்டத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஆடுவோர்க்கு வரும் ஆவேசத்தையே விரித்துரைத்துவிட்டு, அவர்கள் ஏறியுள்ள குதிரையை ஒரு வரியில் தாண்டிச் செல்கின்றனர். அதைத் தீட்டிய கை எவ்வாறு தீட்டிற்று என்ற வினாவே எழுவதில்லை. இக்குறை சிறிதன்று.

அக்குதிரை மூங்கிற் பின்னலிலோ பதப்படுத்திய தோலிலோ பக்கவாட்டாக வெட்டப்பெற்ற தட்டை உரு. அதற்குக் கால்கள் இல்லை. ஆடுவோன் கால்களே குதிரையின் கால்கள். தஞ்சைப் பொய்க்கால் குதிரையிலோ, இடுப்பைச் சூழ்ந்த கூடும் அதை மூடும் துணியும் உடலுக்குப் பருமை தந்துவிடுகின்றன. கூடா கெப்பாங்கில் அத்துணை இல்லை. விழி, மூக்குத்துளை, கடிவாளம், பிடரி, சேணம் யாவும் கோட்டாலும் நிறத்தாலுமே பிறக்க வேண்டியவை. நிறத்தை நீக்கினால் எஞ்சுவது ஒரு பாய்த்துண்டு.

மேனாட்டு இராட்டினக் குதிரையின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் பிலடெல்பியாவின் டென்ட்செல் தொழிற்கூடம் போன்றவற்றில் செதுக்கப்பெற்ற மரக்குதிரைகளில் உளியே தலைமை பெற்றது. வண்ணம் அதற்கு ஏவலாள். அமெரிக்க இராட்டினம் இடஞ்சுழியாகச் சுற்றுவதால் வெளியே தெரியும் வலப்பக்கத்தில்தான் அணிவேலை மிகுதி. இங்கிலாந்தில் வலஞ்சுழி, ஆதலின் அங்கே இடப்பக்கம். காண்பார் பக்கம் நோக்கி உழைப்பைச் செலவிடுவது எந்நாட்டுச் சிற்பிக்கும் பொதுவே போலும்! பல்லாண்டுகள் மேன்மேலும் பூசிய எண்ணெய் வண்ணம் பிடரியின் உளிக்கோடுகளைத் தூர்த்துவிட்டமையால், பழமை பேணுவோர் அடுக்கடுக்காகச் சுரண்டி முதற்பூச்சைத் தேடுகின்றனர். மரக்குதிரைக்கு அது முறையே.

அம்முறையை ஜோகூருக்குக் கொணர்ந்து, பழங்குதிரைக்குப் புதுநிறம் தீட்டுதல் அதனைப் பாழ்படுத்துவதாகும் என்பது பொருந்தாது. தமிழகத்து ஐயனார் கோயில்களில் புரவி எடுப்பன்று புதிய மண்குதிரை வந்து நிற்க, பழையது வெயிலிலும் மழையிலும் சிதைகிறது. ஊரார் அதை இழப்பாகக் கருதுவதில்லை. ஆடுவதற்கென்று எழுந்த பொருளும் அத்தகையதே. தேயும், தேய்ந்தபின் மீண்டும் நிறம் பெறும். கண்டிக்கத்தக்கது புதுப்பூச்சு அன்று, கோட்டை விழுங்கும் பூச்சு. எனாமல் வண்ணத்தைத் தடிப்பாக அப்பினால், வளையும் தோலில் அது வெடித்து உதிரும். அதனினும் கொடிது, விழியின் கருங்கோடு மழுங்கிக் குதிரை உறங்கிவிடுவது. விளக்கொளியில், ஆட்டத்தின் வேகத்தில், தொலைவில் இருப்பவனுக்குக் குதிரையைக் காட்டுவது அக்கோடுதான். ஆகவே பழைய உருவின் கோடுகளை முதலில் தாளில் படியெடுத்து வைத்துக்கொண்டு, மெல்லிய பூச்சாக நிறம் கொடுத்து, கருங்கோட்டை இறுதியில் இடுவதே தக்கது. சுரண்டுதல் வேண்டா.