பளபளப்பில் மயங்காதீர்கள்

"புழக்கத்துக்கே வராத காசு என்ன காசு?" என்று அமெரிக்க நினைவு டாலர்களைப் பார்த்து மூக்கைச் சுளிப்பவர்கள், பழைய மார்கன் டாலர் என்றால் மட்டும் உருகிவிடுவார்கள். அந்த மார்கன்களில் கோடிக்கணக்கானவை கஜானா மூட்டைக்குள்ளேயே தூங்கிக் கிடந்தவை. அதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். இவர்கள் பேச்சைக் கேட்டே புதியவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் வாருங்கள்.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்காக 1983-ல் தொடங்கிய வெள்ளி டாலர் வரிசை இது. குறுக்களவு 38.1 மி.மீ., எடை 26.73 கிராம், 2018 வரை 90 சதவீத வெள்ளி. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அமெரிக்க காங்கிரஸ் தனிச் சட்டம் போடும். விற்பனையில் ஒரு பங்கு ஏதாவது அருங்காட்சியகத்துக்கோ அமைப்புக்கோ போகும். காசை விளிம்பில் பிடியுங்கள். புளி போட்டு விளக்காதீர்கள். பி.வி.சி. உறையில் போட்டால் பச்சை பூக்கும். போதும்.

இனிதான் விஷயம். ப்ரூஃபா, அன்சர்குலேட்டடா?

மெருகேற்றிய வில்லையை மெருகேற்றிய அச்சால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடித்தால் ப்ரூஃப். தளம் கண்ணாடி, உருவம் மங்கல் வெள்ளை. அந்த மெருகு இல்லாமல் அடித்தால் அன்சர்குலேட்டட். கடைக்காரர் முதலில் நீட்டுவது ப்ரூஃபைத்தான், பார்ப்பவரும் மயங்கிவிடுவார். எனக்கு அது ஸ்டுடியோக்காரர் டச்சப் செய்த கல்யாண போட்டோ. நம்பிக்கை இல்லையென்றால், ஜான் மெர்கன்டி வடித்த 1986 சுதந்திர தேவி டாலரை இரண்டு விதத்திலும் வாங்குங்கள். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் ஒரே ஒரு பல்பு. ப்ரூஃபில் தேவி ஒரே வெள்ளைத் திட்டாக நிற்பாள். அன்சர்குலேட்டடை மெல்லச் சாய்த்தால் அங்கியின் மடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நிழல் வாங்கும். பின்னால் எல்லிஸ் தீவுக் கட்டடம் தள்ளிப்போய்த் தெரியும். சிற்பியின் கை இருப்பது இதில்தான். ஆனால் ஊர் வாங்கியது என்ன? ப்ரூஃப் 64 லட்சம், அன்சர்குலேட்டட் 7 லட்சத்துச் சொச்சம்.

அட்லாண்டா ஒலிம்பிக் இதைவிடக் கூத்து. 1995, 96-ல் 16 வடிவங்களை, இரண்டு விதமாக, 32 காசுகளாக அமெரிக்க நாணயச்சாலை கொட்டியது. சேகரிப்பவர்கள் திணறிப்போய், ஒன்றிரண்டு வாங்கினாலும் பளபளப்பையே வாங்கினார்கள். விளைவு, 1996 பாராலிம்பிக் டாலரில் அன்சர்குலேட்டட் வெறும் 14,497; ப்ரூஃப் 84,280. அன்று சீந்துவார் இல்லாமல் கிடந்ததற்குத்தான் இன்று விலை அதிகம்.

இன்னொரு வியாதி, ஸ்லாப். பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து '70' என்று முழு மார்க் போட்ட காசுக்கு இரட்டிப்பு விலை. காசைப் பார்க்காமல் லேபிளைப் படிக்கிறவர்களை என்ன சொல்ல? 2009 லூயி பிரெய்ல் டாலரின் பின்பக்கத்தில், விரலால் தடவிப் படிக்கக்கூடிய பிரெய்ல் புள்ளிகள் இருக்கின்றன. அமெரிக்கக் காசில் அது முதல்முறை. தொடுவதற்காகவே அடித்த அந்தக் காசையும் பெட்டிக்குள் அடைத்து சீல் வைத்துவிட்டார்கள், புண்ணியவான்கள்!

கருப்பொருள் பார்த்து வாங்காதீர்கள் என்றும் சொல்வேன். கொரியப் போர் முடிந்து 38-வது ஆண்டு என்று 1991-ல் ஒரு டாலர் போட்டார்கள். கொரியாவைப் பிரித்த 38-வது அட்சரேகைக்குப் பொருத்தம் என்று சமாதானம் சொல்லலாம். சாக்கு கிடைத்தால் சட்டம் போட்டுவிடுவார்கள் என்பதுதான் நிஜம்.

முதல் காசாக அந்த 1986 அன்சர்குலேட்டடையே, 'பி' என்ற நாணயச்சாலை முத்திரை பார்த்து எடுங்கள். அநேகமாக வெள்ளி விலைக்குச் சற்று மேலேதான் இருக்கும். "ப்ரூஃப் இருக்கே சார், பளபளன்னு" என்று கடைக்காரர் இழுத்தால் தலையாட்டிவிட்டு இதையே கேளுங்கள். உங்களுக்குள் இருக்கட்டும்: அந்தப் பாராலிம்பிக் அன்சர்குலேட்டட் எனக்கு இன்னும் அமையவில்லை. எங்காவது நல்ல விலையில் கண்ணில் பட்டால், நீங்கள் வாங்குவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.